கழற்றிப் பார்க்கட்டும், விடுங்கள்!

கோவைப் பக்கத்துச் சோமனூரில் தறி ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்பதைப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்கள். பிறந்ததிலிருந்து காதில் விழுகிற சத்தம் அது. நூலை ஜவுளிக்காரர் கொடுக்க, மீட்டர் கணக்கில் கூலிக்கு நெய்கிற வீடுகள்தான் இங்கே அதிகம். கூலி உயர்வு கேட்டு 2022-லும் 2025-லும் விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்றன. தறி நின்றால் கூலி இல்லை. கூலி இல்லையென்றால் மளிகைக் கடையில் கடன் ஏறும். இந்த மாதம் புதுப் பை கேட்கக் கூடாது என்பது பிள்ளைக்குத் தானாகவே புரிந்துவிடுகிறது.

ஆனால், கஷ்டம்தான் வாத்தியாராக வரவேண்டும் என்பதில்லை. அடிபடாமல் கற்றுக்கொள்ள ஆயிரம் வழி இருக்கிறது. அவசரப்பட்டு அவற்றையெல்லாம் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறோம் என்பதே என் ஆதங்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோமனூர் வாசல் ஒன்றில் பார்த்தது. பத்து வயதிருக்கும் பையன் கழன்றுபோன சைக்கிள் செயினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். “அப்பாரு, இதக் கொஞ்சம் மாட்டிக் குடுங்க” என்றான். கயிற்றுக் கட்டிலில் இருந்த தாத்தா எழவில்லை. “எங்க சிக்குதுன்னு நீயே பாரு கண்ணு” என்றார். அவன் செயினைப் பல்சக்கரத்தின் மேலே வைத்து இழுத்தான், நழுவியது. இரண்டு கையும் கறுத்தது. பிறகு கீழ்ப்பல்லில் கோத்து, பெடலை மெல்லப் பின்னால் சுற்றினான். ‘டக்’கென்று உட்கார்ந்தது. பையன் கூவிய கூவலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அந்தத் தாத்தா சும்மா இருந்தது பெரிய காரியம். நம்மில் பலருக்கு அது வருவதில்லை.

சோமனூர் இருக்கிற இதே சூலூர் வட்டாரத்தில், கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர் ஜி.டி.நாயுடு. பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டவர், கோவையில் ஓட்டல் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் பாகம் பாகமாகக் கழற்றி மாட்டினார். அப்படித்தான் இயந்திரம் அவருக்கு வசப்பட்டது. 1920-ல் பொள்ளாச்சி – பழனி வழியில் பஸ் விட்டு, தானே ஓட்டினார். 1937-ல் கோவைத் தொழிலதிபர் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின் மோட்டார் செய்தார். பின்னாளில் தொழிற்கல்வி நிறுவனம் தொடங்கியபோதும், வருடக்கணக்கில் ஏட்டுப் படிப்பு வேண்டாம், கைப்பழக்கமே முக்கியம் என்று வாதாடினார்.

எல்லாப் பிள்ளையும் ஜி.டி.நாயுடு ஆகவேண்டியதில்லை. தன் கையால் ஒன்றைச் சரிசெய்த பிள்ளை, அடுத்ததைக் கண்டு பயப்படாது, அது போதும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அனுபவம் என்ற பெயரில் பிள்ளையைத் தறிக்கூடத்துக்குள் விடாதீர்கள். நாடா தெறிக்கிற, பெல்ட் சுற்றுகிற, பஞ்சுத்தூசி பறக்கிற இடம் அது. 14 வயது நிரம்பாதவர்களைக் கூலி வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றமும்கூட. தவறினால் கை கறுக்கலாம், பத்து ரூபாய் போகலாம். அதற்கு மேல் ஆபத்தில்லாத காரியங்களைக் கொடுங்கள்.

இந்த வாரமே தொடங்கலாம். 100 ரூபாயைப் பிள்ளையின் கையில் கொடுத்துக் காய்கறி வாங்கி வரச் சொல்லுங்கள். தக்காளி நசுங்கி வந்தாலும் திட்டாமல் அதையே குழம்பில் போடுங்கள். அடுத்த வாரமும் அதே பிள்ளையையே அனுப்புங்கள்.