கண்டியில் ஒரு தமிழர் எம்.பி. ஆவது எப்படி?

2020 ஆகஸ்ட் பொதுத் தேர்தலில் கண்டி மாவட்டத்தை மொட்டுச் சின்னம் அள்ளிக்கொண்டு போனது. பொதுஜன பெரமுனவுக்கு 477,446 வாக்குகள், 8 ஆசனங்கள். டெலிபோன் சின்னத்தில் நின்ற ஐக்கிய மக்கள் சக்திக்கு 234,523 வாக்குகள், 4 ஆசனங்கள். ஈஸ்டர் தாக்குதல் நடந்து ஓராண்டு சொச்சம்தான் ஆகியிருந்தது. 2018 திகன வன்முறையின் காயமும் ஆறவில்லை. சிறுபான்மை வேட்பாளருக்கு வாய்ப்பான நேரமே அல்ல. ஆனாலும் அந்த நால்வரில் மூவர் சிறுபான்மையினர்: ரவூப் ஹக்கீம், அப்துல் ஹலீம், தமிழரான வேலுகுமார். மூத்த தலைவர் லக்ஷ்மன் கிரியெல்லவே நான்காவதாகத்தான் வந்தார்.

காரணம் வாக்குச் சீட்டில் இருக்கிறது. முதலில் கட்சிச் சின்னத்துக்கு ஒரு புள்ளடி. பிறகு, அதே கட்சியின் வேட்பாளர் இலக்கங்களில் விரும்பிய மூன்றுக்கு மட்டும் புள்ளடி; இதுதான் விருப்பு வாக்கு. கண்டியில் 12 ஆசனங்களுக்கு ஒரு கட்சி 15 பேரை நிறுத்தும். அந்தப் பதினைந்து பேருக்குள் நடக்கும் போட்டியில், கலஹா, தெல்தோட்டை, புஸ்ஸல்லாவை, பன்வில தோட்டங்களின் தமிழ் வாக்குகள் ஒரே இலக்கத்தில் குவிந்தால், மாவட்ட மக்களில் பத்துக்கு ஒருவர் அளவே உள்ள தமிழரும் மேலே வந்துவிடலாம்.

ஆனால் இந்த முறையில் ஒரு பூட்டும் உண்டு: விருப்பு வாக்கு கட்சியைத் தாண்டாது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் 2020இல் ஜனாதிபதித் தேர்தலில் பைடன் வென்றார். அதே நாளில் செனட்டராகக் குடியரசுக் கட்சியின் மிதவாதி சூசன் கொலின்ஸும் வென்றார். கட்சி வேறு, ஆள் வேறு என்று அங்கே பிரித்துப் பார்த்து வாக்களிக்க முடிந்தது. கண்டியில் அது நடக்காது. தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்குப் புள்ளடி போட்டவர், டெலிபோனில் நிற்கும் நல்லவரை எவ்வளவு மதித்தாலும் அவருக்கு விருப்பு வாக்குக் கொடுக்க வழியில்லை.

2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலில் நடந்தது அதுதான். தேசிய மக்கள் சக்தி 500,596 வாக்குகளோடு 9 ஆசனங்களை எடுத்தது. ஐக்கிய மக்கள் சக்திக்கு 145,939 வாக்குகளும் இரண்டே ஆசனங்களும். 2020இல் எண்பதாயிரத்துக்கு மேல் விருப்பு வாக்குப் பெற்ற ஹக்கீம், இம்முறை முப்பதாயிரத்துச் சொச்சத்தோடு தப்பித்துக்கொண்டார். மற்ற ஆசனம் சமிந்திரானி கிரியெல்லவுக்கு. அதே ஆண்டு இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் ரணிலை ஆதரித்துத் தமிழ் முற்போக்குக் கூட்டணியிடமிருந்து பிரிந்த வேலுகுமார் பாராளுமன்றம் திரும்பவில்லை. கூட்டணி களமிறக்கிய பாரத் அருள்சாமியும் வெல்லவில்லை. 2015இலும் 2020இலும் கிடைத்த தமிழ் ஆசனம் இல்லாமல் போனது.

தோட்ட வாக்காளரைக் குறை சொல்வது நியாயமாகாது. சம்பளமும் காணியும் வீடும் தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதியாகவே திரும்பி வந்தால், லயத்தில் இருப்பவர் புதிய சின்னத்தைத் தேடுவது இயல்பு. ஒரே சமூகத்தின் வாக்கைக் கேட்டு வெவ்வேறு சின்னங்களில் நின்ற தலைவர்களே முதலில் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை வாய்ப்பு உண்டா? உண்டு, ஆனால் அதற்குக் கணக்குப் பார்க்க வேண்டும். முதலிடம் பெறும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் போக, மீதி 11 விகிதப்படி பிரியும். 5 சதவீதத்தைத் தொடாத கட்சிகளைக் கழித்தால், 2024இல் ஓர் ஆசனத்தின் விலை ஏறத்தாழ 63,400 வாக்குகள். தமிழ் வேட்பாளரைச் சேர்க்கும் கட்சி மூன்று ஆசனமாவது எடுக்கும் நிலையில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் தமிழர் ஒருவர் மட்டுமே நிற்க வேண்டும். மீதி இரண்டு விருப்பு வாக்குகளை முஸ்லிம், சிங்கள வேட்பாளர்களோடு பரிமாறிக்கொள்ளும் பேச்சு, வேட்புமனுவுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.