தமிழ் பேசப் பிறந்த கணிப்பொறி

பிழைப்பு நாடி இப்பெங்களூர் மாநகரில் குடியேறிய நம்மவர், மல்லேசுவரத்தை அடுத்துள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தின் மதில் ஓரமாக எத்தனையோ முறை போய் வந்திருப்போம். அக்கழகத்துப் பேராசிரியர்களின் முயற்சியால் தமிழ் பேசும் கணிப்பொறி ஒன்று உருவாயிற்று என்பதை அறிந்தோர் நம்மிடையே சிலரே.

1998-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் இந்நகரில் ஒரு கருத்தரங்கு கூடிற்று. எழுத்தறியாத ஏழைக்கும் கணிப்பொறி பயன்பட வேண்டுமாயின் அஃது எவ்வாறு அமைதல் வேண்டும் என்னும் வினா அங்கே எழுந்தது. விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகிய பேராசிரியர் நால்வரும், என்கோர் நிறுவனத்து வினய் தேஷ்பாண்டே முதலியோரும் விடை காண முனைந்தனர். 2001 ஏப்ரல் 25 அன்று அவர்களது 'சிம்ப்யூட்டர்' மாதிரி வெளியிடப்பட்டது.

உள்ளங்கையில் அடங்கும் பொறி அது. மூளையாகிய ஸ்ட்ராங்-ஆர்ம் சில்லும், நினைவகமும், பிற உறுப்புகளும் ஒரே பலகையில் பதிக்கப்பட்டிருந்தன. விசைப்பலகை இல்லை, திரையைக் கோலால் தொட்டால் போதும். லினக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் அதனை இயக்கியது. கன்னடம், இந்தி, தமிழ் ஆகிய மொழிகளில் எழுத்தைப் படித்துக் காட்டும் திறனும் அதற்கென வகுக்கப்பட்டது. ஊருக்கு ஒரு பொறி இருந்தால் போதும்; ஒவ்வொருவரும் தத்தம் அட்டையைச் செருகித் தம் கணக்கைக் காணலாம்.

அலுவலகச் சாளரத்தில் விண்ணப்பத் தாளை நீட்டி, "ஐயா, இதைக் கொஞ்சம் எழுதித் தாருங்கள்" என்று கேட்கும் நம் ஊர்த் தாய்மாரை நான் நாள்தோறும் காண்கின்றேன். அவர்கள் கையில் இப்பொறி இருந்திருப்பின் என்னைத் தேட வேண்டியதில்லை.

இதனினும் வியப்புக்குரியது உரிமம். பொறியின் வரைபடத்தை மூடி மறைக்காது, எவரும் பெற்றுச் செய்து விற்கலாம் என விட்டனர். திருத்தம் செய்தவர் சிறிது காலம் அதன் பயனைத் தாமே துய்த்தபின், அதனை அறக்கட்டளைக்குத் திருப்பித் தரல் வேண்டும். வளரும் நாட்டாருக்குக் கட்டணம் குறைவு. செல்வ நாட்டாருக்கு மிகுதி. மென்பொருளுக்கு இவ்வழக்கம் முன்னரே உண்டு. வன்பொருளுக்கு அந்நாளில் அது புதிது. தண்டவாளத்தின் அகலத்தை ஒருவர் மறைத்து வைத்தால் மற்றவர் வண்டி ஓடுவது எங்ஙனம்?

ஆயினும் பொறி வெல்லவில்லை. 9,000 ரூபாய்க்குத் தருவதே முதலில் எண்ணியது. 2004-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் துணையுடன் 'அமிதா' என்னும் பெயரில் அது விற்பனைக்கு வந்தபோது விலை 9,950 ரூபாயில் தொடங்கிற்று. வண்ணத் திரையாயின் ஏறத்தாழ அதன் இருமடங்கு. 50,000 விற்க எண்ணியிருந்தனர். 2005 வரை விற்றவை சுமார் 4,000. இதற்குள் கைப்பேசி மலிந்துவிட்டது. ஒரு கூலித் தொழிலாளி தம் மாதச் சம்பளத்தினும் மிகுதியாகக் கொடுத்து அதனை வாங்குவார் என எதிர்பார்த்தது, என் எண்ணத்தில், பிழையே. உரிமத்தின்மீது நான் குறை காணேன்.

ஏனெனில் 2005-இல் இத்தாலியில் தோன்றிய ஆர்டுயினோ பலகையும் வரைபடத்தைத் திறந்து வைத்தே உலகை வென்றது. 2012-இல் இங்கிலாந்தில் பிறந்த ராஸ்பெரி பையோ முற்றும் திறந்ததன்று. எனினும் சிம்ப்யூட்டருக்குரிய அதே ஆர்ம் மரபுச் சில்லில் இயங்கி, மலிவால் சிறுவர் கைக்கும் எட்டிற்று.

இவையெல்லாம் இன்று நம் எஸ்.பி. ரோடு கடைகளில் கிடைக்கின்றன. பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லும் பெற்றோர், விலையை மட்டும் கேளாது, அப்பலகையின் வரைபடம் வெளியிடப்பட்டுள்ளதா என்றும் கேட்டு வாங்குவார்களாக.