மூச்சுக்குழாய்ச் சீழில் கிருமி தேடுவது எப்படி?

சளி, இருமல் என்று சில நாள் படுத்திருந்த குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சல் ஏறுகிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரவென்று சத்தம் கேட்கிறது. வைரஸால் புண்பட்ட மூச்சுக்குழாயில் பாக்டீரியா புகுந்து சீழ் பிடித்தால் இப்படி ஆகும். அபூர்வமான நோய்தான். ஆனால் கெட்டிச் சீழ் குழாயை அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. முதலில் மூச்சுக்கு வழி செய்ய வேண்டும். பரிசோதனையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்தால் போதாதா? போதாது. நலமாக இருப்பவர் தொண்டையிலும் பல பாக்டீரியாக்கள் குடியிருக்கும். தொண்டையைக் குடைந்து குழந்தையை அழவைத்தால் மூச்சுத் திணறலும் கூடிவிடும். அதனால் மயக்க மருந்து கொடுத்து, செயற்கை சுவாசக் குழாய் வழியாகவோ மூச்சுக்குழாயின் உள்ளே பார்க்கும் பிராங்கோஸ்கோப் வழியாகவோ மூச்சுக்குழாய்க்குள்ளிருந்தே சீழை உறிஞ்சி எடுக்கிறார்கள்.

லேபில் முதலில் செய்வது கிராம் சாயப் பரிசோதனை. டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் வெளியிட்ட இந்த முறைக்கு இன்றும் மவுசு குறையவில்லை. கண்ணாடிச் சில்லில் தடவிய சீழின் மேல் ஊதாச் சாயம், அயோடின், ஆல்கஹால், சிவப்புச் சாயம் என வரிசையாக ஊற்றிக் கழுவுகிறார்கள். இந்த நோயில் அதிகம் அகப்படும் ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ், திராட்சைக் கொத்துப் போல ஊதா உருண்டைகளாகத் தெரியும். நியூமோகாக்கஸ் இரண்டிரண்டாக நிற்கும். ஹீமோபிலஸ் இளஞ்சிவப்பான குட்டிக் குச்சிகளாகத் தென்படும். வாயின் உள்தோல் செல்கள் ஏராளமாக இருந்தால், மாதிரியில் எச்சில் கலந்துவிட்டது என்று பொருள்.

மிச்சச் சீழ் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்குப் போகும். ஹீமோபிலஸ், சாதாரண ரத்த அகார் என்னும் வளர்ப்புக் கூழில் தானாகச் சரியாக வளராது. ரத்தத்தைச் சூடாக்கிச் சேர்த்த சாக்லேட் அகார் அதற்கு வேண்டும். கிருமி வளர ஒரு நாளாவது ஆகும். அதன்மேல் ஆன்டிபயாடிக் வில்லைகளை வைத்து, எதைச் சுற்றி வளர்ச்சி நிற்கிறது என்று பார்க்க இன்னொரு நாள். அதுவரை காத்திருக்காமல், பல கிருமிகளை அடக்கும் மருந்தை மருத்துவர் தொடங்கிவிடுவார். ரிப்போர்ட் வந்ததும் பொருத்தமானதாக மாற்றுவார்.

ரத்தத்தில் வெள்ளணுவும், அழற்சியைக் காட்டும் சிஆர்பி புரதமும் கூடியிருக்கலாம். ஆனால் எந்தக் கிருமி என்று அவை சொல்லாது. ரத்தக் கல்ச்சரிலும் பெரும்பாலும் ஒன்றும் வளராது. பின்னணியில் இன்ஃபுளுயன்சா வைரஸ் இருக்கிறதா என்று அறிய, அதன் மரபணுப் பொருளைத் தேடும் பிசிஆர் பரிசோதனை உதவும்.

கரகரச் சத்தம் கேட்டால் குழந்தையின் தொண்டைக்குள் விரலோ கரண்டியோ விடாமல் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஏற்கெனவே கொடுத்த மருந்துச்சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஓரிரு வேளை ஆன்டிபயாடிக் உள்ளே போயிருந்தாலும் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம்.