வாவியும் அயடீன் ஆவியும்

மாரியில் முகத்துவாரம் வெட்டிவிட்ட மறுநாள் பாலமீன்மடுப் பக்கம் போய் நின்று பாருங்கள். மட்டக்களப்பு வாவியின் கலங்கல் நீர் கடலுக்குள் இறங்கியும் நெடுந்தூரம் நிறம் மாறாமல் போகும். ஓரத்தில் மட்டும் சுருண்டு சுருண்டு கலக்கும். சேற்று நிறம் இருப்பதால் அது நம் கண்ணுக்குத் தெரிகிறது. கலப்பவை இரண்டு வாயுக்களாகி, ஒலியை விஞ்சும் வேகத்தில் ஓடினால்?

இரசாயன இலேசர் கட்டியவர்களுக்கு இதுதான் தலையிடி. மின்சாரத்தை நம்பாமல், இரசாயனத் தாக்கத்தில் பிறக்கும் சக்தியை ஒளியாக்கும் கருவி அது. 1965இல் பேர்க்லியில் காஸ்பரும் பிமென்டலும் முதலில் செய்து காட்டினார்கள். 1977இல் நியூ மெக்சிகோவின் கேர்ட்லண்ட் விமானப்படைத் தளத்தில் ஒட்சிசன்-அயடீன் இலேசர் பிறந்தது. காரம் சேர்த்த ஐதரசன் பேரொட்சைட்டுக்குள் குளோரீனைச் செலுத்தினால் சக்தியேறிய ஒட்சிசன் கிடைக்கும். அந்த ஓட்டத்துக்குள் சிறு துளைகளால் அயடீன் ஆவியை ஊதுவார்கள். ஒட்சிசனிடம் சக்தி வாங்கும் அயடீன் அணு, 1.315 மைக்ரோமீற்றரில் கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ் ஒளியை உமிழும்.

அயடீன் நடுவரை எட்டாவிட்டால், அங்கே ஓடும் ஒட்சிசன் வேலையே செய்யாமல் வெளியேறிவிடும். பிந்திக் கலந்தாலும் பயனில்லை. கூடவே வரும் நீராவி சக்தியை விழுங்கிவிடும்.

கலப்பைப் பார்க்கும் வழியும் அயடீனிடமே இருந்தது. பச்சை இலேசரைத் தாள்போல மெல்லிதாக விரித்துப் பாய்ச்சினால், அயடீன் மூலக்கூறு உள்ள இடம் மட்டும் மஞ்சளாக மினுங்கும். நம் பாடப்புத்தகத்தின் புளோரொளிர்வுதான் இது. பச்சையை வடிகட்டிப் படமெடுத்தால், பாணை வெட்டி உள்ளே பார்த்ததுபோல ஓட்டத்தின் வெட்டுமுகம் கிடைக்கும். சாதாரணக் காற்றில் இந்த மினுக்கம் சரியாகத் தெரியாது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இடிபட்டு, ஒளிரும் முன்பே சக்தியை இழந்துவிடும். இலேசருக்குள் அழுத்தம் மிகக் குறைவு, அதனால் தப்பியது. ஆனாலும் பிரகாசமான இடத்திலெல்லாம் அயடீன் கூட என்று எழுதிவிட முடியாது. அழுத்தமும் வெப்பநிலையும் மாறினால் ஒளியும் மாறும்.

அமெரிக்கர் இந்த இலேசரை போயிங் 747இல் ஏற்றி, 2010 பெப்ரவரியில் ஏவுகணையொன்றை வீழ்த்தினார்கள். அடுத்த ஆண்டே திட்டத்தைக் கைவிட்டார்கள். அதில் எனக்குக் கவலையில்லை. பார்க்கும் வித்தை மிஞ்சியதே, அது போதும். எஞ்சின் உருளைக்குள் எரிபொருள் கலப்பதையும், சாயம் கரைத்து ஆற்றுநீர் கலப்பதையும் இன்று இதே புளோரொளிர்வால் பார்க்கிறார்கள்.

வீட்டிலும் பார்க்கலாம். கண்ணாடித் தம்ளரில் பாதிக்கு உப்புத்தண்ணீர் எடுங்கள். மஞ்சள் ஹைலைட்டர் மை கரைத்த நல்ல தண்ணீரைக் கரண்டியின் முதுகில் மெல்ல வழியவிட்டு அதன் மேலே நிரப்புங்கள். அறையை இருட்டாக்கி, கடைகளில் காசுத்தாள் பார்க்கும் ஊதா விளக்கைப் பிடியுங்கள். மேற்பாதி மட்டும் ஒளிரும்.