மலைக்கும் கேமராவுக்கும் நடுவே

மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பும் நீலகிரி மலை ரயில், கல்லாற்றைத் தாண்டியதும் பல்சக்கரப் பாதையில் ஏறத் தொடங்குகிறது. பின்னாலிருந்து எஞ்சின் தள்ள, பெட்டி முழுக்கக் கேமராக்கள் ஜன்னல் பக்கம் திரும்புகின்றன. ஊட்டி போய்ச் சேர்ந்து படங்களைப் பார்த்தால், பலவற்றில் பாதையோரச் செடிகள் கோடுகோடாக இழுபட்டிருக்கும். தூரத்து மலை மட்டும் செதுக்கி வைத்ததுபோல நிற்கும்.

சின்னக் கணக்குதான் இது. அந்த ஏற்றத்தில் ரயிலின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால், அதற்குள் நாம் 6 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறோம். இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் செடிக்கு அது பெரிய நகர்வு. வானத்தில் முழுநிலவு பிடிக்கும் அகலத்தைப்போல மூன்று மடங்கு. இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாறைக்கோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஷட்டரை 1/1000 நொடிக்குக் கொண்டுவந்தால் செடியும் அடங்கி நிற்கும். கையை மட்டும் ஜன்னல் கட்டையில் ஊன்றக் கூடாது. எஞ்சினின் அதிர்வு முழுக்கக் கேமராவுக்குள் ஏறிவிடும்.

குன்னூரை நெருங்கும்போது மலைகள் ஒன்றின் பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வரும். பக்கத்துச் சரிவு கரும்பச்சை, அடுத்தது சாம்பல் கலந்த நீலம், கடைசி மடிப்பு வானத்தோடு கரைந்த வெளிர்நீலம். எல்லாவற்றிலும் இருப்பது அதே பச்சைக் காடுதான். நீலம் நடுவே இருக்கும் காற்றினுடையது. காற்றின் மூலக்கூறுகள் சூரிய ஒளியைச் சிதறடிக்கின்றன; அலைநீளம் குறைந்த நீலம், சிவப்பைவிட நான்கு மடங்குக்கும் மேல் சிதறுகிறது. மலை தூரம் போகப் போக அதன் சொந்த ஒளி வழியில் குறைகிறது, காற்று சேர்க்கும் நீல ஒளி கூடுகிறது. நீலகிரிக்குப் பெயர் தந்தது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி என்பார்கள். பூ இல்லாத ஆண்டுகளிலும் சமவெளியிலிருந்து பார்த்தால் அந்த மலை நீலமாகத்தான் தெரிகிறது.

தூசும் நீர்த்துளியும் மூலக்கூற்றைவிட மிகப் பெரியவை. எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரேபோலச் சிதறடிப்பதால் புகைமூட்டம் வெள்ளையாக இருக்கிறது. மழை கழுவிவிட்ட மறுநாள் காலையில் மலைப்படம் எடுக்கச் சொல்வது இதனால்தான். ஆனால் செல்போனில் மூட்டத்தை அடியோடு நீக்கும் பொத்தானை அழுத்துவது எனக்கு ஒப்பவில்லை. தட்டையான படத்தில் 'அந்த மலை எட்டத்தில் இருக்கிறது' என்று கண்ணுக்குச் சொல்வதே அந்த நீலம்தான். அதைத் துடைத்தால் இருபது கிலோமீட்டர் தூரமும் சுருங்கிப்போகிறது.

இந்த நீலத்தைத் தெரிந்தே வெட்டியவர் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ். 1927 ஏப்ரல் 10 அன்று, யோசெமிட்டியில் ஹாஃப் டோம் என்ற பாறை முகத்துக்கு எதிரே நின்றார். வயது 25. மஞ்சள் ஃபில்டர் போட்டு ஒரு படம் எடுத்தாயிற்று. வானம் அவர் நினைத்த கனத்தில் வராது என்று பட்டது. மிச்சமிருந்தது ஒரே ஒரு கண்ணாடித் தகடு. அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டினார். அது வானத்தின் நீலத்தை உள்ளே விடவில்லை. கறுத்த வானத்தின் முன்னால் பாறை மட்டும் ஓங்கி நின்றது.

தண்ணீரில் வேறு கதை. ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள பைக்காரா ஏரியில் படகிலிருந்து நேராகக் கீழே பார்த்தால், நீர்ப்பரப்பு திருப்பி அனுப்புவது விழும் ஒளியில் வெறும் 2 சதவீதம். பார்வை சாயச் சாய அது ஏறிக்கொண்டே போய், நீர்மட்டத்தை ஒட்டிப் பார்க்கும்போது ஏறக்குறைய முழுக் கண்ணாடியாகிவிடுகிறது. மலையின் நிழல் நன்றாக விழ வேண்டுமானால் கேமராவைத் தண்ணீருக்குப் பக்கத்தில் இறக்க வேண்டும். அந்த நிழலும் மேலே இருப்பதன் தலைகீழ் நகல் அன்று. கேமரா எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு ஆழத்திலிருந்து இன்னொரு கேமரா அண்ணாந்து பார்த்தால் தெரியும் காட்சி அது. அதனால்தான் பாலத்தின் அடிப்பக்கம் நமக்குத் தெரியாதபோதும் நீரில் தெரிகிறது.

நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 37 பாகை சாய்வில் ஒரு விசேஷம் உண்டு. அங்கே நீர் திருப்பி அனுப்பும் ஒளி முழுவதும் ஒரே தளத்தில் அதிர்கிறது. பாடப்புத்தகம் இதைத் தளவிளைவு என்கிறது. போலரைசர் ஃபில்டரைத் திருப்பினால் அந்த மினுக்கம் அணைந்துவிடும்.

1921-இல் இங்கிலாந்திலிருந்து திரும்பும்போது, நர்குண்டா கப்பலின் தளத்தில் சி.வி. ராமன் செய்தது இதைத்தான். கையில் இருந்தது, போலரைசரின் வேலையைச் செய்யும் நிக்கோல் பட்டகம் என்ற சிறு படிகம். கடலின் நீலம் வானத்தின் நிழலே என்று இயற்பியலாளர் ரேலே பிரபு சொல்லியிருந்தார். ராமன் பட்டகத்தைத் திருப்பி வானத்தின் நிழலை அணைத்துப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் ஆழ்ந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். கல்கத்தாவில் அவர் அந்தச் சிதறலைத் தொடர்ந்து துருவியதுதான் 1928-இல் ராமன் விளைவில் போய் நின்றது.

பைக்காராக் கரையோரம், தண்ணீர் தெளிந்திருக்கும் இடத்தில் போலரைசரை மெல்லத் திருப்பிப் பாருங்கள். நீர்மேல் படிந்த மேகம் கரைந்து, அடியில் பழுப்புக் கற்கள் எழுந்து வரும். இன்னும் கால் வட்டம் திருப்பினால், கற்களை மூடிக்கொண்டு மேகம் திரும்ப வந்து படுத்துக்கொள்ளும்.