ஒரே வெட்டில் ஐந்து முனை

மடித்த தாளில் விழும் ஒவ்வொரு வெட்டும் இரண்டு வெட்டு. மடிப்புக்கோட்டின் ஒரு பக்கம் விழுந்தது, விரித்ததும் மறுபக்கத்தில் அதே தொலைவில், அதே கோணத்தில் இருக்கும். கணிதப் பாடத்தில் அந்த மடிப்புக்குச் சமச்சீர்க் கோடு என்று பெயர். பிள்ளைகள் கத்தரிக்கோலால் செய்யும் பூ, நட்சத்திரம், திருவிழாத் தோரணம் எல்லாம் இந்த ஒரு விதிக்குள் அடக்கம்.

எத்தனை மடிப்பு வேண்டும் என்பதை உருவமே சொல்லிவிடும். போடிநாயக்கனூரை அடுத்த பொட்டிபுரத்துப் பிள்ளைகள் இதற்கான மாதிரிகளைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. மேலே மலைச்சரிவில் விளையும் ஏலத்தின் பூவில், அகன்ற உதடு போன்ற இதழின் நடுவே ஒரு கோடு இழுத்தால் இடமும் வலமும் ஒத்திருக்கும். அதைத் தாளில் வெட்ட ஒரு மடிப்பு போதும். அதே செடியின் காயைக் குறுக்கே நறுக்கினால் மூன்று அறைகள் தெரியும். அந்த வடிவத்துக்குத் தாளைப் பாதியாக மடித்து, பிறகு மையத்திலிருந்து மூன்றாக மடிக்க வேண்டும். பஞ்சுக்காக வளர்க்கப்படும் இலவ மரத்தின் பூவோ ஐந்து இதழ் கொண்டது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பாதி, பாதியின் பாதி என்று மடித்துக்கொண்டே போனால் நான்கும் எட்டும் பதினாறும் வரும். ஐந்து ஒருபோதும் வராது.

ஐந்துக்கு வழி இது. சதுரத் தாளைப் பாதியாக மடித்து, மடிப்போரம் கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். அந்த ஓரத்தின் நடுப்புள்ளிதான் மையம். அதைச் சுற்றி மேலே இருப்பது 180 பாகை. ஐந்தாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 36. கீழோரத்தின் வலது பாதியை மையத்திலிருந்து தூக்கி இடப்பக்கமாக மடிக்க வேண்டும். மடிந்து விழுந்த பகுதியின் கோணத்தில் சரிபாதி இடது ஓரத்தில் மிஞ்சி நின்றால் அளவு சரி: விழுந்தது 72, மிஞ்சியது 36. இனி விழுந்த பகுதியை அதன் பாதியில் வலப்பக்கம் திருப்பி மடிக்கலாம். இடப்பக்கம் தெரியும் மீதியையும் பாதியாக உள்ளே மடித்து, அப்படியே பின்பக்கம் திருப்பிவிட்டால் பத்து அடுக்கு கொண்ட கூரிய ஆப்பு ஒன்று கையில் நிற்கும்.

வெட்டும் கோணத்தில்தான் சுவை இருக்கிறது. ஆப்பின் ஒரு பக்கத்துக்குச் செங்குத்தாக வெட்டினால் ஒழுங்கு ஐங்கோணம் கிடைக்கும். இரண்டு பக்கமும் சம நீளமாக இருக்கும்படி வெட்டினால் பத்துப் பக்க உருவம். நன்றாகச் சாய்த்து, ஒரு பக்கத்தோடு 18 பாகை வரும்படி வெட்டினால் ஐந்து முனை நட்சத்திரம். ஏன் 18? அந்த நட்சத்திரத்தின் ஒவ்வொரு முனையும் 36 பாகை. மடிப்பு அதைச் சரிபாதியாகப் பிரிக்கிறது. இதைக் கண்டுபிடிக்கும் வேலையை மாணவரிடமே விட்டுவிடும் ஆசிரியர், பாகைமானி கற்றுத்தராத ஒன்றைக் கற்றுத்தருகிறார்.

மேலே சொன்னது கண்ணளவு. துல்லியமாகவே மடிக்க முடியும் என்று காட்டியவர் ஒரு தமிழ்நாட்டு ஆசிரியரோ பேராசிரியரோ அல்ல, வருவாய்த் துறையில் பணியாற்றிய டி. சுந்தர ராவ். மழலையர் கல்விக்கென வந்த வண்ணக் காகிதப் பெட்டி ஒன்று தந்த யோசனையில் அவர் எழுதிய, காகித மடிப்பு வழி வடிவியல் நூல் 1893இல் சென்னையில் வெளியானது. ஒரு பேனாக்கத்தியும் காகிதத் துண்டுகளும் தவிர வேறு கருவி வேண்டாம் என்பது அவர் கொள்கை. ஐங்கோணத்துக்கு அவர் பொன் விகிதத்தின் வழியாகப் போகிறார். சதுரத்தின் பாதியான செவ்வகத்தின் மூலைவிட்டத்தை மடித்து, அதன்மேல் சதுரப் பக்கத்தின் பாதியைப் படியவைத்தால் மிஞ்சும் நீளம் அந்த விகிதத்தைத் தந்துவிடும். 36 பாகை அதிலிருந்து பிசகில்லாமல் பிறக்கும். ஜெர்மன் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் தம் நூலில் ராவின் நூலைக் குறிப்பிட்டார். 1901இல் சிகாகோவில் அமெரிக்கப் பதிப்பு வந்தது. நம் பள்ளிகளில் இந்த நூலின் பெயர் அதிகம் கேட்கப்படாதது வருத்தத்துக்குரியது.

மடிப்பின் எல்லை அதையும் தாண்டியது. கவராயமும் அளவுகோலும் தீர்க்க முடியாத முப்படிச் சமன்பாடுகளை ஒரே மடிப்பு தீர்க்கும் என்று இத்தாலியக் கணிதவியலாளர் மார்கரிட்டா பெலோக் 1936இல் நிறுவினார். ஒற்றை வெட்டு விளையாட்டு 1721இல் வெளியான ஜப்பானியப் புதிர் நூலிலேயே உண்டு. மாயவித்தைக்காரர் ஹூடினி 1922இல் ஐந்து முனை நட்சத்திரத்தை இப்படி வெட்டும் வழியை எழுதினார். 1990களின் இறுதியில் எரிக் டிமெய்ன், மார்ட்டின் டிமெய்ன், அன்னா லூபிவ் ஆகியோர் இதைத் தேற்றமாக்கினர்: நேர்கோட்டுப் பக்கங்கள் கொண்ட எந்த உருவத்தையும், எவ்வளவு கோணலானதாக இருந்தாலும், தக்கபடி மடித்தால் ஒரே நேர்வெட்டில் எடுத்துவிடலாம்.

வகுப்பறையில் தடையாக நிற்பது தாளின் கனம். அடுக்கு கூடக்கூட உள்மடிப்புகள் நழுவி, நட்சத்திரத்தின் முனைகள் ஒன்றுக்கொன்று சிறுத்தும் பெருத்தும் போகும். சார்ட் தாள் பத்து அடுக்குக்கு ஒத்துவராது. பட்டம் விடும் காகிதம் ஏற்றது. மலைச்சரிவில் சாரல் பிடிக்கும் மாதங்களில் காகித நார்கள் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்து, மடிப்பு கூர்மையாக விழாது. அப்போது ஒவ்வொரு மடிப்பையும் நகத்தாலோ அளவுகோலின் ஓரத்தாலோ அழுத்தித் தேய்த்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும்.