அரிசிக்கு எட்டாத கூலி

1942 டிசம்பர் 11 அன்று கல்கத்தா மொத்தச் சந்தையில் ஒரு மணங்கு அரிசி 13 ரூபாய்க்கும் 14 ரூபாய்க்கும் இடையில் விற்றது. வங்காளத்து மணங்கு சுமார் 37 கிலோ. நம் பழைய சென்னை மணங்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. மூன்று மாதம் கழித்து, மார்ச்சில், அதே அரிசி 21 ரூபாய். மே மாதம் 30-ஐத் தாண்டியது. ஆகஸ்ட் 20 அன்று 37. நெல் குத்திய பெண்ணின் கூலியோ நடவு நட்டவரின் கூலியோ அந்த வேகத்தில் ஏறவில்லை.

1943-ன் அந்தப் பஞ்ச ஆண்டில் வங்காளக் கிராமங்கள் கல்கத்தாவை நோக்கி நடந்து வந்தன. வந்தவர்கள் வாசலில் நின்று சோறு கேட்கவில்லை, கிடைக்காது என்று தெரியும். ‘ஃபேன் தாவ், மா’ என்று வடிகஞ்சியைக் கேட்டார்கள். கிடைக்காதவர்கள் நடைபாதையிலேயே இறந்தார்கள். ‘தி ஸ்டேட்ஸ்மன்’ ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் ஆகஸ்ட் 22 இதழில் அந்த அவலத்தின் படங்களை வெளியிட்ட பிறகுதான் விஷயம் உலகத்துக்கு உறைத்தது. அரசின் விசாரணைக் குழு 1945-ல் சொன்ன சாவுக் கணக்கு 15 லட்சம். பிற்கால ஆய்வாளர்களின் மதிப்பீடுகளில் சில 30 லட்சத்தையும் தாண்டுகின்றன. இறந்தவர்களில் பாதிக்கும் மேலானோர் 1943 முடிந்த பிறகுதான் இறந்தார்கள். பட்டினி உடம்பை உருக்கிவிட்டுப் போனது, மலேரியாவும் காலராவும் அம்மையும் மிச்சத்தை முடித்தன.

ஏன் இப்படி ஆனது? வாய் அதிகம், அரிசி குறைவு என்பது எல்லோருக்கும் சட்டென்று தோன்றும் பதில். மக்கள்தொகை பெருகும் வேகத்துக்கு உணவு பெருகாது என்று எழுதிய மால்தஸ், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளைத் தயார்செய்த ஹெய்லிபரி கல்லூரியில்தான் பேராசிரியராக இருந்தார். அந்தப் பாடம் அதிகார வர்க்கத்தில் நன்றாகவே ஊறியிருந்தது. இந்தியர்கள் பெருகுவதைப் பற்றிச் சர்ச்சில் இகழ்ந்து பேசியதை அவருடைய அமைச்சர் லியோ அமெரியே நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

பற்றாக்குறை வாதத்தை அப்படியே ஒதுக்கிவிடவும் முடியாது. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் அரிசி நின்றுபோனது. அக்டோபர் 16 அன்று மேதினிப்பூர் கரையைப் புயல் புரட்டிப் போட்டது. ஈரமான அந்தப் பருவத்தில் நெற்பயிரைச் செம்புள்ளி நோய் தாக்கியது. அந்தப் பூஞ்சைதான் பெருங்காரணம் என்று நெல் நோய் அறிஞர் எஸ். ஒய். பத்மநாபன் 1973-ல் வாதிட்டார். அவர் பணியாற்றிய கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையமே இந்தப் பஞ்சத்தின் பின்விளைவாக 1946-ல் தொடங்கப்பட்டதுதான்.

பஞ்சத்தின்போது சாந்திநிகேதனில் சிறுவனாக இருந்த அமர்த்தியா சென், 1981-ல் வெளியிட்ட நூலில் விளைச்சல் கணக்குகளைத் திரும்பப் புரட்டினார். 1943-ல் வங்காளத்தில் இருந்த அரிசி, முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 சதவீதம்தான் குறைவு. 1941-ல் இருந்ததைவிட 13 சதவீதம் அதிகம். அந்த 1941-ல் பஞ்சம் வரவில்லை. ஆகவே அவர் மூட்டைகளை விட்டுவிட்டு, எந்தத் தொழில் செய்தவரின் வீட்டில் சாவு விழுந்தது என்று பார்த்தார்.

அதற்கு அவருக்குக் கைகொடுத்தது கல்கத்தா நிறுவனம் ஒன்று கிராமங்களில் எடுத்த கணக்கு. பிரசாந்த சந்திர மகலநோபிஸ் 1931-ல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம், பஞ்சம் ஓய்ந்த கையோடு 386 கிராமங்களில் சுமார் 15,800 குடும்பங்களை விசாரித்தது. ஆறு கோடிப் பேர் வாழ்ந்த மாகாணத்துக்கு இது போதுமா என்று கேட்கலாம். தேர்வு பாரபட்சமின்றி இருந்தால் போதும் என்பதைச் சணல் விளைச்சலை மதிப்பிட்ட அனுபவத்தில் மகலநோபிஸ் ஏற்கெனவே கண்டிருந்தார். ஒரு குறை உண்டு: முழுக் குடும்பமும் செத்துப்போன வீட்டில் பதில் சொல்ல ஆளில்லை. இத்தகைய கணக்கு சேதத்தைக் குறைத்துத்தான் காட்டும். அப்படியும், நெல் வயல் வைத்திருந்த குடும்பங்களில் நான்கில் ஒன்று அதை விற்றோ அடகு வைத்தோ விட்டது என்று தெரியவந்தது. மாகாணம் முழுக்கச் சுமார் 2,60,000 குடும்பங்கள் தங்கள் வயல் முழுவதையும் இழந்தன.

தொழில்வாரியாகப் பார்த்தால் படம் இன்னும் துலங்கும். விவசாயக் கூலிகள், மீனவர்கள், படகோட்டிகள், நெல் குத்திப் பிழைத்த பெண்கள் ஆகியோர் முதலில் விழுந்தார்கள். வாரத்துக்குப் பயிரிட்டவர்கள் அவ்வளவு மோசமாக விழவில்லை, அவர்களுக்குப் பங்கு நெல்லாகவே வந்தது. நாவிதர்கள் அடிபட்டதுதான் எனக்கு மிக முக்கியமான தடயமாகப் படுகிறது. சோற்றுக்கே வழியில்லாதபோது எவனும் முடி வெட்ட உட்கார மாட்டான். ஒரு தலைக்கு வாங்கும் காசில் கிடைத்த அரிசி சில மாவட்டங்களில் 70, 80 சதவீதம் குறைந்துபோனது. அந்த நாவிதரின் ஊரில் ஒரு பிடி நெல்கூடக் குறையாமல் விளைந்திருந்தாலும் அவர் பட்டினிதான். மீனவர்களுக்கோ இரட்டை அடி. ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாது என்று பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளைக் கரையோர மாவட்டங்களில் அரசே பறித்தும் உடைத்தும் போட்டது.

கல்கத்தாவாசிகள் பெரும்பாலும் தப்பினார்கள். போர்த் தொழிற்சாலைகள் நிற்கக்கூடாது என்பதால் ஆலைத் தொழிலாளிக்கும் அரசு ஊழியருக்கும் மலிவு விலையில் அரிசி ஒதுக்கப்பட்டது. நகரத்துக்கான அந்தக் கொள்முதலும் போருக்காக அச்சடித்த பணமும் பதுக்கலும் சேர்ந்து கிராமத்து விலையை மேலே தள்ளின. வங்காளத்தின் பயிர்ப் புள்ளிவிவரமே நம்பத்தகாதது, உண்மைப் பற்றாக்குறை சென் சொன்னதைவிட அதிகம் என்பவர்கள் உண்டு. இருக்கலாம். பற்றாக்குறை பெரிதென்றே வைத்துக்கொண்டாலும், நடைபாதையில் இறந்தவர் கிராமத்தாராகவும் மாடியிலிருந்து பார்த்தவர் நகரத்தாராகவும் இருந்ததை அது விளக்காது.

மழை பொய்த்ததா என்றும் பார்த்தாகிவிட்டது. 2019-ல் காந்திநகர் ஐ.ஐ.டி.யின் விமல் மிஸ்ரா குழு, 1870 முதலான மழை, வெப்ப அளவுகளைக் கொண்டு மண்ணின் ஈரத்தைக் கணினியில் மறுபடி கட்டி எழுப்பியது. நம் தாத்தாக்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்ன 1876-77 உட்படப் பெரும்பஞ்சங்களில் மண் வறண்டிருந்தது. 1943-ல் மட்டும் வறட்சி காரணமில்லை. இன்னொரு கூத்து: 1873-74-ல் பீகார், வங்காளப் பகுதியில் கடும் வறட்சி, ஆனால் சாவு மிகச் சொற்பம். ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி பர்மாவிலிருந்து அரிசியைக் கப்பல் கப்பலாக இறக்கினார். வீண்செலவு என்று வசவு வாங்கினார். அதே மனிதர் 1877-ல் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது, நிவாரண வேலையாளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியை வெட்டினார். இங்கே லட்சக்கணக்கில் செத்தார்கள்.

வாய்க் கணக்குக்கு வருவோம். 1943-ன் வங்காளம் இன்று ஏறத்தாழ மேற்கு வங்கமும் வங்கதேசமும். ஆறு கோடி இருந்த இடத்தில் 25 கோடிக்கு மேல் வாழ்கிறார்கள். 1974-ல் வங்கதேசத்தில் ஒரு பஞ்சம் வந்தது, அதற்குப் பின் இல்லை. பிள்ளைப் பேறும் குறைந்துவிட்டது: 2020 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி மேற்கு வங்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை. தமிழ்நாட்டிலும் அதே எண். கொல்கத்தா நகரின் மக்கள்தொகை 2001-க்கும் 2011-க்கும் இடையில் குறையவே செய்தது.

ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் மேற்கு வங்கத்தின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 33.8 சதவீதம் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தமிழ்நாட்டில் 25. மேற்கு வங்கப் பெண்களில் 71.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. நாட்டில் நெல் அதிகம் விளையும் மாநிலங்களில் ஒன்று அது. 2023 ஜனவரி முதல் ரேஷன் தானியமும் இலவசம். அரிசி விலையால் கூலியை வகுத்துப் பார்த்த 1943-ன் கணக்கு இந்தக் குழந்தைகளைப் பற்றி அதிகம் சொல்லாது. முட்டை விலையாலும் பருப்பு, பால் விலையாலும் வகுத்தால்தான், ஒரு நாள் கூலி எதுவரை எட்டுகிறது என்று தெரியும்.